தோற்ற அன்று பேசிய பேச்சுக்கு ஒரு பலகை: டிம் டீபோவை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கெயின்ஸ்வில் புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். மேற்படிப்புக்காக கெயின்ஸ்வில்லில் இருக்கிற புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறேன். அமெரிக்கன் ஃபுட்பாலில் எனக்கு அரைகுறை ஞானம்தான், ரூம்மேட்டைத் தொணதொணத்துக் கற்றுக்கொண்டது. ஆனால் கேள்வி ஆட்டத்தைப் பற்றி இல்லை, ஆடுபவர்களைக் கொண்டாடும் விதத்தைப் பற்றி.

இங்கே பென் ஹில் கிரிஃபின் ஸ்டேடியத்தை ஒட்டிய ஃபுட்பால் கட்டடத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். தலைப்பு ‘தி பிராமிஸ்’. 2008-ல் டிம் டீபோ என்ற குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், ஒரு மேட்ச் தோற்ற பிறகு பத்திரிகையாளர்களிடம் பேசியதை எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஜெயித்த மேட்ச்கூட இல்லை. பேசும்போது அவருக்கு வயது 21. அது போதாதென்று 2011-ல் இங்கே முன்னால் ஆடிய ஸ்டீவ் ஸ்பரியர், டேனி வெர்ஃபல் ஆகியோரோடு அவருக்கும் வெண்கலச் சிலை வைத்துவிட்டார்கள், அப்போது 23. மேட்ச் நாளில் குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுக்கிறார்கள். ஓர் அப்பா தன் பையனை, ஏழெட்டு வயது இருக்கும், அந்தப் பலகை முன்னால் நிறுத்தி வரிவரியாக வாசிக்க வைத்தார். பையன் தடுக்கிய இடத்தில் அப்பா பலகையைப் பார்க்காமலே எடுத்துக்கொடுத்தார். பாடமே பண்ணி வைத்திருக்கிறார்.

படித்து முடிக்காத ஒரு கல்லூரி மாணவனுக்கு இவ்வளவு மரியாதை செய்வது சரிதானா? அதில் நான் பார்க்கத் தவறுகிற ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரஞ்சு நீலம்:

தம்பி, அந்த மேட்ச் தெரியாமல் அந்தப் பலகை புரியாது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2008 செப்டம்பர் 27. நம்ம கேட்டர்ஸ், அதாவது புளோரிடா அணி, அப்போது நாட்டிலேயே நாலாவது இடம், சொந்த ஊர், எதிரே வந்தது ஓல் மிஸ், அதாவது மிசிசிப்பி பல்கலைக்கழகம். யாரும் அவர்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி சில நிமிடங்களில் நாம் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) அடித்தோம், அப்புறம் உதைக்கிற அந்த ஒரு பாயின்ட் இருக்கிறதே, அதைத் தடுத்துவிட்டார்கள். 31-30. கடைசியாக ஒரு வாய்ப்பு வந்தது. நாலாவது, கடைசி முயற்சி, இன்னும் ஒரு கெஜம் போனால் ஆட்டம் தொடரும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது டீபோதான், அதைத்தான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள், எதிரணியும் எதிர்பார்த்தது. மறித்துவிட்டார்கள், முடிந்தது.

முந்தின வருஷம்தான் அவர் ஹைஸ்மன் டிராபி, அதாவது கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கியிருந்தார், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் தடவை. ஒரே சீசனில் 32 டச்டவுன் எறிந்து, 23 டச்டவுன் தானே ஓடி அடித்தவர். அப்படிப்பட்டவர் அன்று கண் சிவந்து வந்து உட்கார்ந்து, ரசிகர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார். ஒரு தோல்விகூட இல்லாத சீசன், புளோரிடா இதுவரை காணாத ஒன்று, அதுதான் என் குறிக்கோளாக இருந்தது என்றார். பிறகு சொன்னதன் சாரம் இது: இதிலிருந்து நல்லது வரும், இந்த சீசன் முடியும்வரை என்னைப் போல் உழைத்து ஆடுகிற ஒருவரை நாடு முழுக்கத் தேடினாலும் பார்க்க மாட்டீர்கள், என் அணியை நான் உந்தித் தள்ளுகிற அளவுக்கு யாரும் தள்ளிப் பார்த்திருக்க மாட்டீர்கள். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கோச்சைக் குறை சொல்லவில்லை, முன்னால் நின்று மறித்துக்கொடுக்க வேண்டிய லைன்மேன்களைச் சொல்லவில்லை, நடுவரைச் சொல்லவில்லை. அந்த சீசனில் மீதி இருந்த 10 மேட்சையும் ஜெயித்தார்கள். எஸ்.இ.சி. என்கிற தென்கிழக்குக் கல்லூரிகள் லீக்கின் இறுதியில் அப்போது முதலிடத்தில் இருந்த அலபாமாவை 31-20, அப்புறம் 2009 ஜனவரி 8-ம் தேதி மயாமியில் ஓக்லஹோமாவை 24-14 என்று வீழ்த்தி தேசிய சாம்பியன். அந்த மேட்சில்தான் கண்ணுக்குக் கீழே பூசும் கறுப்பு மையில் யோவான் 3:16 என்ற பைபிள் வசன எண்ணை எழுதிக்கொண்டு ஆடினார், அன்றைக்கு கூகுளில் நாடே அந்த வசனத்தைத் தேடியது. 2010-ல் கண் மையில் எதுவும் எழுதக் கூடாது என்று விதியே வந்துவிட்டது, இன்றைக்கும் அதை டீபோ விதி என்றுதான் சொல்வார்கள்.

சொன்னார், செய்தார். அந்தப் பலகை அதற்குத்தான். நிறையப் பேர் தோற்றபின் உருக்கமாகப் பேசுகிறார்கள், அடுத்த வாரமே அது மறந்துவிடுகிறது. இவர் அந்தப் பேச்சை எல்லார் முன்னாலும் கடன் பத்திரம்போல் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் அதை அடைத்தார். எனக்கு அவர் அடித்த டச்டவுன்களைவிட அந்த மூன்று மாதம்தான் பெரிது.

தென்காற்று:

ஆரஞ்சு நீலம் சொன்ன மேட்ச் விவரம் எல்லாம் சரி. ஆனால் புதுசு கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று நினைக்கிறேன். டீபோ நல்ல மனிதரா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படிக்கும்போதே சிறைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போய் வந்தவர், பிறகு டென்வர் தொழில்முறை அணியில் ஆடியபோது ஒவ்வொரு மேட்சுக்கும் நோயோடு போராடுகிற ஒருவரைக் குடும்பத்தோடு வரவழைத்து உட்கார வைத்தவர். 2015-லிருந்து மாற்றுத்திறனாளிகளுக்காக ஒவ்வொரு பிப்ரவரியிலும் ‘நைட் டு ஷைன்’ விருந்து நடக்கிறது, அது அவருடைய அறக்கட்டளையின் வேலை.

என் பிரச்சினை வேறு. உயிரோடு இருக்கிற, வாழ்க்கையே இன்னும் தொடங்காத ஒருவரைக் கல்லிலும் வெண்கலத்திலும் நிறுத்துவது அவருக்கும் நல்லதில்லை, பார்க்கிற பிள்ளைகளுக்கும் நல்லதில்லை. பென் ஸ்டேட்டில் ஜோ பட்டர்னோ என்கிற கோச்சுக்கு 2001-ல் சிலை வைத்தார்கள், 2012 ஜூலையில் அதே பல்கலைக்கழகம் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயர்த்து எடுத்தது, அவருடைய துணை கோச் ஒருவர் சிறுவர்களிடம் செய்த பாலியல் கொடுமையை அவர் மறைத்தார் என்று விசாரணை அறிக்கை வந்ததால். டீபோவோடு அந்த 2008 அணியில் ஆடிய ஏரன் ஹெர்னாண்டஸ் 2015-ல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி 2017-ல் சிறையிலேயே இறந்தார். அவரையும் அன்றைக்கு இதே கூட்டம்தான் எழுந்து நின்று கைதட்டியது. இருபது வயதில் ஒருவர் பந்தை எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறார் என்பதை வைத்து அவருடைய குணத்தை எப்படி எடைபோடுவது?

இன்னொன்றும் உண்டு. அப்போது இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் தவிர ஒரு டாலர் வரும்படி கிடையாது. டீபோவின் 15-ம் எண் ஜெர்சி விற்ற விற்பனைக்கு அளவே இல்லை, அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. அவரே 2019-ல் டி.வி.யில் அதைப் பெருமையாகச் சொன்னார், எனக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை, பள்ளிக்காக ஆடினேன் என்று. அது அவர் மனசு, மதிக்கிறேன். ஆனால் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலையில் இருந்த பையன்கள் எத்தனையோ பேர் அதே லாக்கர் ரூமில் இருந்திருப்பார்கள். 2021 ஜூலைக்குப் பிறகுதான் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க முடிந்தது. அதுவரை பலகையும் சிலையும் கைதட்டலும்தான் கூலி. மரியாதை செய்வதை நான் குறை சொல்லவில்லை, மரியாதையைக் காட்டிவிட்டு, கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காமல் விட்டார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

கெயின்ஸ்வில் புதுசு:

இருவருக்கும் நன்றி. தென்காற்று, நீங்கள் சொல்வதுதான் எனக்கும் உறுத்தியது. ஆனால் ஆரஞ்சு நீலம் அண்ணா சொன்ன அந்த மூன்று மாத விஷயம் எனக்குத் தெரியாது, பலகையில் அது இல்லை. அப்படியானால் ஒரு கல்லூரி ஆட்டக்காரரை எப்படிக் கொண்டாடினால் சரி என்பீர்கள்? யாராவது நல்ல உதாரணம் வைத்திருக்கிறார்களா?

ஏம்ஸ்வாசி:

இருக்கிறது, எங்கள் ஊரில். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஏம்ஸ், அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம். ஸ்டேடியத்தின் பெயர் ஜாக் டிரைஸ் ஸ்டேடியம். ஜாக் டிரைஸ் ஓஹையோவில் ஹைரம் என்ற சின்ன ஊரில் 1902-ல் பிறந்தவர். கிளீவ்லாந்தில் பள்ளிக்கூடத்தில் ஆடினார், அங்கே கோச்சாக இருந்தவர் 1922-ல் அயோவா ஸ்டேட்டுக்கு மாறியபோது இவரும் கூடவே வந்துவிட்டார். இந்தக் கல்லூரி அணியில் ஆடிய முதல் கறுப்பின மாணவர். கால்நடை வளர்ப்புப் படித்தார், படித்து முடித்துத் தெற்கே போய் கறுப்பின விவசாயிகளுக்கு உதவ வேண்டும் என்பது திட்டம். கல்யாணமும் ஆகியிருந்தது, மனைவி கோரா மே.

1923 அக்டோபர் 6, மினியாபொலிஸில் மினசோட்டாவோடு மேட்ச். முந்தின ராத்திரி ஓட்டலில் உட்கார்ந்து, அந்த ஓட்டலின் தாளிலேயே தனக்குத்தானே ஒரு கடிதம் எழுதினார். ‘என் இனத்தின் மானம், குடும்பத்தின் மானம், என் மானம் இதில் அடங்கியிருக்கிறது. நான் பெரிதாக ஏதோ செய்வேன் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். செய்வேன்!’ என்று தொடங்குகிறது. அப்புறம் அப்படியே ஆட்டக் குறிப்பாக மாறிவிடுகிறது: தடுக்கும்போது எதிரணி வரிசையை உடைத்துக்கொண்டு உள்ளே போ, தாழக் குனிந்து மோது, கண்ணைத் திறந்து ஆட்டத்தின் பக்கமே வைத்திரு, ஒவ்வொரு நிமிடமும் விழிப்பாக இரு. அவருக்கு வயது 21. புதுசு, உங்கள் பலகையில் இருப்பவருக்கும் அதே வயதுதான்.

மறுநாள் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தோள் எலும்பு உடைந்துவிட்டது. வெளியே வரமாட்டேன் என்று ஆடினார். மூன்றாவது கால் பகுதியில் எதிரே ஓடிவந்தவர்களை மறிக்க விழுந்தபோது மிதித்துக்கொண்டு போய்விட்டார்கள். வேண்டுமென்றே செய்தார்களா என்பது நூறு வருஷமாகத் தீராத கேள்வி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, பயணம் செய்யலாம் என்று சொல்லி அணியோடு ரயிலில் அனுப்பினார்கள். 8-ம் தேதி உள் ரத்தக்கசிவில் இறந்துபோனார். இறுதிச் சடங்குக்குக் கல்லூரி வளாகத்தில் சுமார் 4,000 பேர் கூடினார்கள். கோட்டுப் பையில் அந்தக் கடிதம் கிடைத்து, கல்லூரித் தலைவர் அதைக் கூட்டத்தில் படித்தார். மாணவர்கள் 2,259 டாலர் திரட்டி, அடக்கச் செலவுக்கும் அவருடைய அம்மாவின் வீட்டுக் கடனுக்கும் கொடுத்தார்கள். 1924 மேட்சுக்குப் பிறகு அயோவா ஸ்டேட் மினசோட்டாவோடு 1989 வரை ஆடவே இல்லை.

இனிமேல்தான் உங்கள் கேள்விக்குப் பதில். ஜிம்மில் ஒரு பலகை வைத்தார்கள், அப்புறம் எல்லாரும் மறந்துவிட்டார்கள். 1957-ல் ஒரு மாணவர் தூசி படிந்து கிடந்த அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு மாணவர் பத்திரிகையில் எழுதினார். 1970-களில் ஒரு வகுப்பு மாணவர்கள் அந்தக் கதையைத் தோண்டி எடுத்து, புதிதாகக் கட்டுகிற ஸ்டேடியத்துக்கு அவர் பெயரை வையுங்கள் என்று கேட்டார்கள். மாணவர் மன்றம் தீர்மானம் போட்டது. நிர்வாகம் இறங்கி வரவில்லை. 1984-ல் பாதி இறங்கி வந்தார்கள், ஸ்டேடியம் சைக்ளோன் ஸ்டேடியம், உள்ளே மைதானம் மட்டும் ஜாக் டிரைஸ் மைதானம். மாணவர்களுக்கு அது போதவில்லை, தாங்களே பணம் போட்டு 1988-ல் சிலை வைத்தார்கள். கடைசியில் 1997-ல்தான் ஸ்டேடியத்துக்கே அவர் பெயர் வந்தது, இறந்து 74 வருஷம் கழித்து. இதில் என்னை அசைப்பது என்னவென்றால், கேட்ட மாணவர்கள் யாரும் அவரைப் பார்த்ததே இல்லை. நாலு வருஷத்துக்கு ஒருதரம் மாணவர் கூட்டமே மாறிப்போகும், படித்து முடித்துப் போகிறவர்கள் வருகிறவர்களிடம் இந்தக் கோரிக்கையை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இருபது வருஷத்துக்கு மேலாக.

டீபோ பலகைக்கு ஏற்பாடு செய்தவர் அவருடைய கோச் அர்பன் மேயர், பேச்சு நடந்த சில மாதங்களிலேயே. அடுத்து வருகிற ஆட்டக்காரர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஓர் அணி தன் தேவைக்கு வைத்துக்கொண்டது அது, அதில் தப்பில்லை. எங்கள் ஊரில் ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள். தென்காற்று கேட்ட ‘இருபது வயதில் எப்படி எடைபோடுவது’ என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது, மூன்று நாலு தலைமுறை மாணவர்கள் எடைபோட்டிருக்கிறார்கள்.

ஆரஞ்சு நீலம்:

ஏம்ஸ்வாசி, இவ்வளவு விவரமாக எனக்கு இது தெரியாது. நன்றி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், செத்தபின்தான் கொண்டாட வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது. டிரைஸ் உயிரோடு இருந்தபோது யாராவது அந்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கு கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நல்லதைக் கண்ணால் பார்க்கும்போதே நல்லது என்று வாய்விட்டுச் சொல்வதில் என்ன குறை வந்துவிடும்? அந்த அப்பா தன் பையனை வாசிக்க வைத்தாரே, தோற்றால் யார்மேலும் பழி போடாமல் எழுந்து நில் என்று பையனுக்கு வேறு எப்படிச் சொல்வார்?

மிசிசிப்பிக்காரி:

நீங்கள் எல்லாரும் அன்றைக்கு ஜெயித்த பக்கத்தை மறந்துவிட்டீர்கள், நான் ஓல் மிஸ் ஊர். எங்களிடமும் ஒன்று இருக்கிறது.

சக்கி மலின்ஸ், எண் 38. அலபாமாவில் ரஸல்வில் ஊர்க்காரர், அம்மா அப்பா இல்லாமல் வளர்ந்தவர். 1989 அக்டோபர் 28, வாண்டர்பில்ட்டோடு மேட்ச், பிராட் கெய்ன்ஸ் என்ற எதிரணி ஆட்டக்காரரை முதுகில் மோதி நிறுத்தினார். பந்து நழுவியது, ஆனால் மலின்ஸ் எழுந்திருக்கவில்லை. கழுத்து எலும்புகள் நொறுங்கி, கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாமல் போயிற்று. ஜனங்கள் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். மனிதர் திரும்ப வகுப்புக்கு வந்து படித்தார், அதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். 1991 மே மாதம் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்துபோனார்.

அவர் பெயரில் ஒவ்வொரு வருஷமும் தடுப்பாட்ட மூத்த வீரர் ஒருவருக்கு விருது கொடுக்கிறோம். வாங்குபவர் 38-ம் எண் போட்டுக்கொண்டு ஆடுவது வழக்கம், நடுவில் 2006-ல் அந்த எண்ணை ஓய்வு கொடுத்து எடுத்து வைத்தார்கள், 2011-ல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மைதானத்துக்குள் போகும் வழியில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது, ஆட்டக்காரர்கள் தொட்டுவிட்டுத்தான் உள்ளே ஓடுவார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், இது சும்மா நிற்கிற மரியாதை இல்லை, வாங்கினவர் அந்த எண்ணைச் சுமந்து சீசன் முழுக்க ஆட வேண்டும்.

அந்த பிராட் கெய்ன்ஸையும் சொல்ல வேண்டும். அவர்மேல் தப்பே இல்லை, மோதப்பட்டவர் அவர்தான். ஆனாலும் காயம்பட்ட நாள், இறந்த நாள், கிறிஸ்துமஸ் என்று வருஷத்துக்கு மூன்று தடவை ரஸல்வில்லுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லறைக் கல்லைத் தன் கையால் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டு வருவார்.

தென்காற்று:

மிசிசிப்பிக்காரி, இது எனக்குப் பிடித்திருக்கிறது. டீபோ சிலை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, அது அவசரப்பட்டு வைத்ததுதான். ஆனால் ஓர் எண்ணை வருஷா வருஷம் தகுதியானவருக்குக் கைமாற்றுவது வேறு விஷயம், அங்கே ஆளை இல்லை, பொறுப்பைத்தான் கொண்டாடுகிறார்கள். தவறினால் அடுத்த வருஷம் வேறொருவர் வருவார், பெயர்த்தெடுக்க எதுவும் இல்லை. வேறு எந்தக் கல்லூரியிலாவது இந்த வழக்கம் உண்டா?

ஏம்ஸ்வாசி:

உண்டு. எல்.எஸ்.யு., அதாவது லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 18-ம் எண். மேட் மாக் என்ற குவாட்டர்பேக் அந்த எண்ணோடு 2003 சீசனில் தேசிய சாம்பியன் ஆக்கிவிட்டுப் போகும்போது ஜேகப் ஹெஸ்டருக்குக் கொடுத்தார், ஹெஸ்டர் 2007 சீசனில் ஜெயித்துக்கொடுத்தார், அதிலிருந்து மைதானத்திலும் வெளியிலும் முன்மாதிரியாக இருக்கிறவருக்கு என்று அது வழக்கமாகிவிட்டது. டெக்சஸ் ஏ அண்டு எம்மில் 12-ம் எண் இருக்கிறது, 1922 ஜனவரியில் காயம்பட்டவர்களால் அணி குறைந்தபோது பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்கி வந்து உடை மாற்றிக்கொண்டு தயாராக நின்ற கிங் கில் என்ற மாணவர் ஞாபகமாக. அவரைக் களத்தில் இறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இப்போது அந்த எண்ணை ஸ்காலர்ஷிப் இல்லாமல் தானாக வந்து சேர்ந்த ஒருவருக்குத்தான் கொடுக்கிறார்கள்.

புதுசு, எல்.எஸ்.யு. உங்கள் ஊருக்கு ஆட வரும்போது 18-ம் எண் யார் முதுகில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வருஷம் யாருக்குக் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று தேடிப் பார்த்து இங்கேயே எழுதுங்கள், நானும் வாசிக்கிறேன்.